மொழிக்கு ஒரு தளம்: ஓர் அமானிதம் கற்பித்த பாடம்

 

எங்கள் ஜமாஅத்தின் இணையதளத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் நான். ஊதியத்திற்காகச் செய்யும் பணியன்று. அலுவலகம் முடிந்து, இஷாவும் தொழுத பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் செய்வது. 'இது என்ன பெரிய பொறுப்பு? நான்கு அறிவிப்பு போடுகிறோம், தொழுகை நேரம் போடுகிறோம்' என்றுதான் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையானது என்பதை ஒரு தாய் எனக்கு உணர்த்தினார். மூன்று மொழிகள் குடியிருந்த ஒரே தளத்தை, மொழிக்கு ஒன்றாக மூன்று தளங்களாகப் பிரித்து, மீண்டும் ஒன்றோடொன்று இணைத்ததற்கு அவருடைய ஒரு சொல்லே காரணம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் உள்ளது. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள்; அடுத்த வீட்டில் உருது பேசுவார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டால் அங்கிருந்து ஆங்கிலத்தில் கேட்பார்கள். தளத்தைத் தொடங்கும்படி வற்புறுத்தியவர்கள் வெளியூரில் இருந்த அந்தப் பிள்ளைகளே. ஆகவே அது ஆங்கிலத்தில் பிறந்தது. பின்னர் தமிழும் உருதும் வேண்டும் என்று ஊரார் கேட்டபோது, வேர்ட்பிரஸ் மென்பொருளில் மொழிபெயர்ப்புக்கான செருகுநிரல் ஒன்றைப் பொருத்தி, அதே தளத்திற்குள் அவ்விரு மொழிகளையும் குடியமர்த்தினேன்.

குடியமர்த்தினேன் என்று சொன்னாலும், வாடகைக்கு வைத்தேன் என்பதே உண்மை. ஆங்கிலப் பக்கம்தான் மூலம். தமிழும் உருதும் அதன் பெயர்ப்புகள். ஆங்கிலத்தில் ஒன்றை எழுதாமல் தமிழில் எழுதுவதற்கு அந்த அமைப்பில் எளிய வழி இல்லை. மொழிபெயர்ப்பு இல்லாத இடங்களில் ஆங்கிலப் பக்கமே தோன்றும். ஆங்கிலத்தில் இருந்தவற்றில் பாதிகூடத் தமிழில் இல்லை. உருதுவில் கால்பங்கும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தை நான் திருத்தினால் மற்ற இரண்டின் பக்கத்திலும் 'புதுப்பிக்க வேண்டும்' என்று ஒரு சிறு குறி தோன்றும். அந்தக் குறி என் கண்ணுக்கு மட்டும் தெரியும். தளத்தைப் படிப்பவருக்குத் தெரியாது.

2022 ஜூலையில் நடந்தது இது. கல்லூரியில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஜமாஅத் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்கும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 31 என்று மூன்று மொழிகளிலும் அறிவித்திருந்தோம். கட்டணம் செலுத்த வேண்டிய நாளுக்கு முன்பே தொகை பிள்ளைகளின் கையில் சேர வேண்டும் என்று கருதிய நிர்வாகக் குழு, கடைசி நாளை ஜூலை 15 என முன்னுக்குக் கொண்டுவந்தது. அன்றிரவே ஆங்கிலப் பக்கத்தில் தேதியை மாற்றினேன். மற்ற இரண்டையும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மடிக்கணினியை மூடினேன். மறுநாள் வேலை மிகுதி. அதற்கு மறுநாள் ஒரு திருமணம். அந்தச் சிறு குறி பத்து நாட்களுக்கு மேல் அப்படியே கிடந்தது.

ஜூலை 25ஆம் நாள் மாலை, காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பணி செய்யும் ஒரு சகோதரி, தம் மகளின் மதிப்பெண் பட்டியலையும் வருமானச் சான்றிதழையும் ஒரு நெகிழிப் பையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர். தொகை முழுவதும் அதற்குள் பங்கிடப்பட்டுவிட்டது. தேதி முடிந்துவிட்டது என்று எழுத்தர் சொன்னதும் அவர் சினக்கவில்லை, அழவும் இல்லை. தம் கைப்பேசியைத் திறந்து எங்கள் தளத்தின் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினார். அங்கே 31 என்றே இருந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். "தமிழ்ல போட்டிருந்ததத்தான் தம்பி நாங்க நம்புனோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "தப்பு என்னுதுதான் அக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த ஆண்டு அப்பிள்ளை கல்லூரியில் சேரவில்லை. ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள்.

அவர் காட்டிய பக்கம் எங்கள் ஜமாஅத்தின் பெயரைத் தாங்கி நின்றது. அதை நம்பியது அவருடைய பிழையன்று. பலர் நம்பிப் படிக்கும் ஒரு சொல் நம் கையில் ஒப்படைக்கப்பட்டால் அதுவும் ஓர் அமானிதமே. பணத்தை எண்ணிக் கணக்கு வைக்கும் பொருளாளருக்கு இருக்கும் அச்சம், தேதியைப் பதிவிடும் எனக்கு இருந்ததில்லை. அன்றிரவு தஹஜ்ஜுத்தில் நின்றபோது அந்த நெகிழிப் பைதான் கண்முன் வந்தது.

அடுத்த மாதம் நிர்வாகக் குழுவில் என் யோசனையை வைத்தேன். தமிழுக்கு ஒரு தளம், உருதுவுக்கு ஒரு தளம், ஆங்கிலத்திற்கு ஒரு தளம். ஒவ்வொன்றுக்கும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பொறுப்பாளர் என்றேன். முத்தவல்லி ஹாஜியார் உடனே மறுத்தார். "தம்பி, ஜும்ஆ பயான் எந்த மொழியில் என்று இந்த ஊரில் ஒரு காலத்தில் என்னென்ன மனவருத்தம் நடந்தது என்று உங்கள் அத்தாவைக் கேளுங்கள். இப்போதுதான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் மூன்று கதவு வைக்கச் சொல்கிறீர்கள்" என்றார். அவருடைய அச்சம் வீணானதன்று. என்னிடமும் அதற்கு ஆயத்தமான பதில் இல்லை.

இமாம் ஹஜ்ரத்தான் பேசினார்கள். வானங்கள் பூமியின் படைப்போடு சேர்த்து, மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரா அர்ரூமின் 22ஆம் வசனத்தில் எண்ணுவதை நினைவூட்டினார்கள். ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்றும், அதன் நோக்கம் தெளிவாக விளக்குவதே என்றும் சூரா இப்ராஹீமின் 4ஆம் வசனம் கூறுவதை எடுத்துச் சொன்னார்கள். பிறகு, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியைச் சொல்லி, "கடிதப் போக்குவரத்தில் அந்த மொழிக்கென்று நம்பிக்கைக்குரிய ஒருவர் தேவைப்பட்டார். நமக்கும் மொழிக்கு ஒருவர் வேண்டும். மூன்று கதவு இருக்கட்டும் ஹாஜியார், பள்ளி ஒன்றாக இருந்தால் போதும்" என்று முடித்தார்கள்.

என் தாய்வழி ஊர் காயல்பட்டினம். அங்கே என் பாட்டியார் அரபுத்தமிழில் அச்சான கிதாபுகளை ஓதக் கேட்டு வளர்ந்தவன் நான். பேச்சு தமிழ்; எழுத்து அரபு. குர்ஆன் ஓதப் பழகிய பெண்களுக்குத் தெரிந்த எழுத்து அதுவாக இருந்ததால், அந்த எழுத்திலேயே மார்க்கச் சட்டங்களை அவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் நம் முன்னோர். எழுதுபவருக்கு எது எளிது என்று அவர்கள் பார்க்கவில்லை. படிப்பவருக்கு எது எளிது என்று பார்த்தார்கள். நான் இத்தனை ஆண்டுகள் எனக்கு எளிதானதையே செய்துவந்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

நாங்கள் செய்ய முனைந்தது புதுமையானதும் அன்று. நம்மில் பலர் அன்றாடம் பார்க்கும் விக்கிப்பீடியா பல மொழிகள் கொண்ட ஒரே தளம் என்று நினைக்கிறோம். அது அப்படியன்று. 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கிய அது, மொழிக்கு ஒரு தளமாகப் பெருகியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தமிழில் ஒரு கட்டுரை எழுத, அது ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே பொருளைப் பற்றிய பல மொழிக் கட்டுரைகளைக் கோத்து வைக்கும் பணியை 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு செய்கிறது. படங்கள் பொதுவகம் என்னும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சொற்கள் அவரவர் வீட்டில், பொதுவானவை பொதுவிடத்தில். இந்த ஒழுங்கையே நாங்களும் பின்பற்றினோம்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே, ஒரே நிறுவலுக்குள் பல தளங்களை நடத்தும் வலையமைப்பு வசதி உண்டு. பயனர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு தளத்தின் கட்டுரைகளும் தரவுத்தளத்தில் தனித்தனி அட்டவணைகளில் இருக்கும். தமிழ்ப் பொறுப்பாளருக்குத் தமிழ்த் தளத்தின் சாவியை மட்டும் கொடுக்கலாம். அவர் கை தவறி உருதுப் பக்கம் அழியாது. இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் பழைய ஏற்பாட்டில் செருகுநிரலை நிறுத்தினால் மூன்று மொழிக் கட்டுரைகளும் ஒரே பட்டியலில் கலந்து வந்துவிடும். புதிய ஏற்பாட்டில், தளங்களை இணைக்கும் கருவி நாளை நின்றுபோனாலும் ஒவ்வொரு மொழியும் தன் காலில் நிற்கும்.

முதலில் முழுத் தளத்தையும் படியெடுத்து என் கணினியில் வைத்து, அந்தப் படியில்தான் பழகினேன். இரண்டு மாதங்கள் ஆயின. எதிர்பாராத இடங்களிலெல்லாம் தடை வந்தது. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழில் தளம் நடத்துவோருக்குப் பயன்படும். முகவரியில் தமிழ்ச் சொற்களை வைத்தால், ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தளவு இடத்தைப் பிடிக்கும். 'கி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. முகவரிக்கென வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்து. ஆகவே இருபத்திரண்டு குறியீடுகளுக்கு மேல் போனால் தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டப்படும். 'ரமலான் மாதத்தின் சிறப்புகள்' என்றும் 'ரமலான் மாதத்தின் சட்டங்கள்' என்றும் இரண்டு கட்டுரைகள் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வால் வெட்டுப்பட்ட முகவரியில் வந்து நிற்கும். எது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பழைய முகவரிக்குப் புதிய முகவரியைக் குறித்தேன்.

பழைய முகவரிகளை அப்படியே விட்டுவிட முடியாதா என்று மனைவி கேட்டார். முடியாது. வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை ஆண்டுகளாகப் பகிரப்பட்ட இணைப்புகள் அவை! பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய கியூஆர் கோடும் பழைய முகவரிக்கே போகும். வீடு மாறியவர் பழைய வீட்டு வாசலில் புதிய விலாசத்தை எழுதி வைப்பதுபோல், ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம் அமைத்தோம்.

தளங்களுக்கிடையே உறவைக் காக்கவும் ஓர் ஒழுங்கு உண்டு. தமிழ்ப் பக்கம், 'இதே செய்தி உருதுவில் இங்கே இருக்கிறது' என்று தேடுபொறிக்கு ஒரு குறிப்பால் சொல்ல வேண்டும். உருதுப் பக்கமும் பதிலுக்குத் தமிழ்ப் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஒன்று காட்டி மற்றது காட்டாவிட்டால் கூகுள் அந்த உறவை ஏற்பதில்லை. இதை விளக்கியபோது முத்தவல்லி ஹாஜியார் முதல்முறையாகச் சிரித்தார். "ஸலாமுக்குப் பதில் சொன்னால்தானே உறவு" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தக் குறிப்பின் பெயரே 'ஸலாம்' என்றாகிவிட்டது. 'இந்தப் பக்கத்திற்கு ஸலாம் போட்டாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் இந்த வேலையின் நடுவே ஓர் உண்மை என்னைத் திடுக்கிட வைத்தது. தளத்தைப் பிரிப்பதால் மட்டும் அந்தச் சகோதரிக்கு நேர்ந்தது மீண்டும் நேராமல் போய்விடாது. சொல்லப்போனால் ஆபத்து கூடும். முன்பு ஒரு குறியாவது தோன்றி நினைவூட்டியது. இனி மூன்று வீட்டில் மூன்று தேதிகள் இருந்தாலும் எவருக்கும் தெரியாது. எனவே எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கக்கூடாது என்று உட்கார்ந்து பட்டியலிட்டோம். தொழுகை நேரங்கள், கடைசி நாள்கள், உதவித் தொகைகள், ஃபித்ரா அளவு, தொலைபேசி எண்கள் ஆகியவற்றுக்கு மொழி இல்லை. அவற்றை ஒரே இடத்தில் ஒரு முறை மட்டும் பதிவிடுவோம்; மூன்று தளங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். யாரும் தம் கட்டுரைக்குள் தேதியைக் கையால் எழுதக்கூடாது. விளக்கமும் நயமும் அறிவுரையும் அவரவர் மொழியில், அவரவர் விருப்பப்படி. நான் இந்தப் பணியில் கற்றது எல்லாம் இவ்வளவுதான்: சொல் பலவாக இருக்கலாம், கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

தமிழ்த் தளத்தின் பொறுப்பை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஏற்றார். உருதுத் தளத்தை எங்கள் மதரஸாவில் ஓதி முடித்த இளம் ஆலிம் ஏற்றார். ஆங்கிலம் என்னிடம். ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு தளங்களை மாற்றினோம். மாற்றி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆலிம் தொலைபேசியில் அழைத்தார். "பாய், உருது எல்லாம் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது!" அந்தத் தளத்தின் மொழி அமைப்பை உருதுவுக்கு மாற்ற நான் மறந்திருந்தேன். மாற்றியதும் பக்கம் வலமிருந்து இடமாகத் திரும்பியது. பிறகு தலைப்புகளில் எழுத்தின் தலை வெட்டுப்பட்டிருப்பதாகச் சொன்னார். சரிந்து இறங்கும் நஸ்தஅலீக் எழுத்துக்கு வரிகளுக்கிடையே கூடுதல் உயரம் வேண்டும். ஆங்கிலத்திற்கு அளந்து தைத்த சட்டையை இத்தனை ஆண்டுகள் உருதுவுக்கு மாட்டியிருந்தோம். நீண்ட தமிழ்ச் சொற்கள் பொத்தான்களுக்குள் அடங்காமல் உடைந்ததும் அதனால்தான். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி அளவு.

அன்றிரவே, பதினொரு மணியளவில், ஊரின் மூத்தவர் ஒருவர் வஃபாத்தான செய்தி வந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா நேரத்தை நான் பொதுவிடத்தில் ஒரு முறை பதிவிட்டேன். ஆசிரியை தமிழில் நான்கு வரிகள் எழுதினார். ஆலிம் உருதுவில் எழுதினார். பத்து நிமிடத்திற்குள் மூன்று தளங்களிலும் ஒரே நேரம், ஒரே இடம். என் மொழிபெயர்ப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை.

அதன்பின் நடந்தவற்றில் எனக்கு வியப்பளித்தது, தளங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதுவதை நிறுத்தியது. தமிழ்த் தளத்தில் ரேஷன் அட்டைத் திருத்தம் பற்றியும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளின் ஐயங்கள் பற்றியும் ஆசிரியை எழுதினார். உருதுத் தளத்தில் தோல் மண்டிகளின் பழைய காலத்தைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஆலிம் எழுதினார். இவை எதுவும் ஆங்கிலத்தில் இருந்ததில்லை. ஆகவே முன்பு பிறந்திருக்க வழியே இல்லை. ஹாஜியார் அஞ்சியதும் ஓரளவு உண்மையானது. உருதுத் தளத்தில் வந்த நல்ல கட்டுரையைத் தமிழ் வீடுகள் அறியாமலே போயின. அதற்காக மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு மூவரும் பள்ளியின் வராந்தாவில் அமர்கிறோம். எந்தக் கட்டுரையை எந்த மொழிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்கிறோம். சில மாதங்களில் கூடாமல் விட்டதும் உண்டு. அப்போதெல்லாம் இடைவெளி உடனே தெரிகிறது.

அந்தச் சகோதரியின் மகள் மறு ஆண்டு ஜமாஅத்தின் உதவியோடு கல்லூரியில் சேர்ந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன ஓர் ஆண்டை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். இன்னொன்றும் கேட்டேன். இப்போது உதவி, மருத்துவ முகாம் போன்ற அறிவிப்புகளைத் தமிழில் வெளியிடுமுன் ஆசிரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "விளங்குது" என்று பதில் வந்தால் வெளியிடுகிறோம். ஒரு முறை, "சான்றொப்பம்னா என்ன டீச்சர்?" என்று கேட்டார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, யாரிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எழுதினார் ஆசிரியை.

ஜமாஅத்திலோ பள்ளிக்கூடத்திலோ அறிவிப்பு எழுதும் பொறுப்பில் இருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! நீங்கள் ஒரு தேதியை மாற்றும்போது, அதை நம்பி நாளை வாசலில் வந்து நிற்கப்போகிறவர் எந்த மொழியில் படிக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த மொழியிலும் மாற்றிவிட்டுப் பிறகு உறங்கச் செல்லுங்கள்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட சிறிய அமானிதங்களையும் பேணி நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.